ஜி-கோடு இல்லாமல் முதல் மில்லிங் புரோகிராம்: இசட் கட்டங்களை நிரப்புவது எப்படி?

மெஷினுக்கான கட்டளைகளை வரி வரியாக ஜி-கோடில் எழுதுவதற்குப் பதிலாக, கான்வர்சேஷனல் புரோகிராமிங்கில் கன்ட்ரோல் (சிஎன்சி மெஷினின் கணினி) கேள்வி கேட்கும், நாம் திரையில் உள்ள கட்டங்களை நிரப்புவோம். மசாட்ரால், சீமென்ஸ் ஷாப்மில், ஃபேனுக் மேனுவல் கைடு, ஹைடன்ஹைன் எல்லாவற்றிலும் சங்கதி இதுதான். இந்தப் பதிவு ஹைடன்ஹைனை வைத்து. தேவைப்படும் இடத்தில் ஷாப்மில்லையும் தொட்டுக்கொள்கிறேன். வைஸில் பாகத்தைப் பிடிப்பது, டூல் நீளம் எடுப்பது எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

பயிற்சிக்கு ஒரு மைல்டு ஸ்டீல் தட்டு. முடிந்த அளவு 100 × 80 × 20 மி.மீ, கச்சா உயரம் 21. நடுவில் 60 × 40 பாக்கெட் (செவ்வகக் குழி), ஆழம் 5. அதன் அடியிலிருந்து இன்னொரு 30 × 20 பாக்கெட், ஆழம் 10. நான்கு மூலையிலும் 8 மி.மீ துளைகள்.

1. பூஜ்ஜியம்

எக்ஸ், ஒய் பூஜ்ஜியம் தட்டின் நடுவில். உயர அச்சான இசட்டின் பூஜ்ஜியம், ஃபேஸ் மில் ஓட்டி (மேற்பரப்பைச் சமமாகச் சீவி) முடித்த பரப்பில். அப்படியென்றால் கச்சா பரப்பைத் தொடும்போது 0 அல்ல, +1 என்று கொடுக்க வேண்டும். கச்சாப் பொருளை வரையறுக்கும்போதும் இசட் -20 முதல் +1 வரை.

2. டூல், வேகம்

10 மி.மீ கார்பைடு எண்ட் மில், 4 பல். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றால், 1000 × 100 ÷ (3.14 × 10), அதாவது சுமார் 3,180 சுற்று. பல்லுக்கு 0.05 மி.மீ வைத்தால் ஃபீட் (டூல் நகரும் வேகம்) நிமிடத்துக்குச் சுமார் 640 மி.மீ. சில கன்ட்ரோல்கள் தாமாகவே வேகத்தைக் காட்டும். நான் அதை அப்படியே எடுப்பதில்லை, ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

3. ஃபேஸ் மில்லிங்

இசட் +1-லிருந்து 0 வரை. இதில் பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை.

4. பாக்கெட்டுகள்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஹைடன்ஹைனின் 251-ஆவது சைக்கிளில் (செவ்வக பாக்கெட்டுக்கான தயார் கட்டளை) உயரம் சம்பந்தமாக இரண்டு கட்டங்கள் இருக்கும். கியூ203 என்பது பரப்பு எங்கே இருக்கிறது என்பது, பூஜ்ஜியத்திலிருந்து அளப்பது. கியூ201 ஆழம், அந்தப் பரப்பிலிருந்து அளப்பது, மைனஸில் கொடுக்க வேண்டும்.

முதல் பாக்கெட்: பரப்பு 0, ஆழம் -5. இரண்டாவது: பரப்பு -5, ஆழம் -10. வரைபடத்தில் மேலிருந்து 15 என்று போட்டிருந்தால் கை தானாக -15 அடிக்கும். அப்போது அடி -20-க்குப் போய், தட்டே ஓட்டையாகிவிடும். ஷாப்மில்லில் ஆழக் கட்டத்தின் பக்கத்தில் ஆப்சலூட்டா (பூஜ்ஜியத்திலிருந்து), இன்கிரிமென்டலா (பரப்பிலிருந்து) என்று சின்னதாகக் காட்டும். பழைய புரோகிராமைக் காப்பி எடுக்கும்போது அந்தச் சின்ன எழுத்து யார் கண்ணிலும் படாது.

இதைவிட ஆபத்தானது வரிசை. பாதுகாப்பு இடைவெளி 2 மி.மீ என்றால், இரண்டாவது பாக்கெட்டுக்கு டூல் -3 வரை ராபிட்டில் (வெட்டாமல் நகரும் அதிவேகத்தில்) இறங்கும். முதல் பாக்கெட் ஏற்கெனவே வெட்டியிருந்தால் அங்கே காற்றுதான். இரண்டு பிளாக்கையும் இடம் மாற்றி வைத்தால் அங்கே இருப்பது இரும்பு. பரப்பு -5-இல் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள், கன்ட்ரோல் அதை நம்பிவிடும். அதனால் கட்டங்களைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வேலைக்கும் 'எந்தப் பரப்பிலிருந்து, எவ்வளவு ஆழம்' என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிவிடுங்கள்.

மூலை ஆரத்துக்கு 6 கொடுங்கள். டூலின் ஆரம் 5 என்பதால் 5 கொடுத்தாலும் வெட்டும்தான். ஆனால் மூலையில் டூல் சட்டென்று திரும்பி அதிர்ந்து, பரப்பில் கோடு விழும். இறங்கும் முறைக்கு நான் எப்போதும் ஹெலிக்கல்தான் (சுருளாகச் சுற்றி இறங்குவது). நேராக இறக்கினால், நடுவில் பல் இல்லாத எண்ட் மில் தாங்காது.

5. துளைகள்

எக்ஸ் ±40, ஒய் ±30. 118 டிகிரி டிரில்லின் முனை நீளம், விட்டத்தில் ஏறக்குறைய 0.3 மடங்கு, 8 மி.மீ-க்கு 2.4. ஹைடன்ஹைனின் துளையிடும் சைக்கிளான 200-இல், கியூ395 கட்டம் 0 ஆக இருந்தால் (பழைய கன்ட்ரோல்களில் அந்தக் கட்டமே இருக்காது) ஆழம் முனை வரை கணக்கு. எனவே 20 + 2.4, கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து -23.5. கீழே பேரலல் (தட்டுக்கு அடியில் வைக்கும் தாங்கு கட்டை) துளைக்கு நேராக இல்லையே என்று பார்த்துவிடுங்கள். ஷாப்மில்லில் முனை வரையா, தண்டு வரையா என்று தேர்ந்தெடுக்கலாம். தண்டு என்று வைத்தால் இந்தக் கூட்டல் வேலை மிச்சம்.

6. ஓட்டம்

சிமுலேஷனை மேலிருந்து மட்டும் பார்க்காதீர்கள், வெட்டுத் தோற்றத்திலும் பாருங்கள். ஆழத் தவறு அங்கேதான் தெரியும். ஆனால் டூல் நீளம் தப்பாக இருந்தால் சிமுலேஷன் அழகாகவே ஓடும். அதனால் முதல் துண்டுக்கு சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி ஓட்டுவது), ராபிட் ஓவர்ரைடு (அதிவேகத்தைக் குறைக்கும் குமிழ்) குறைவு, கண் திரையில் காட்டும் மீதித் தூரத்தின் மேல். டூல் பரப்பை நெருங்கும்போது நிறுத்தி, திரையில் காட்டும் மீதித் தூரமும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் இரண்டு சிக்கல் சொன்னார்கள். ஒன்று, எல்லாம் சரியாக நிரப்பியும் பாக்கெட் வெட்டவே இல்லை. ஹைடன்ஹைனில் பாக்கெட் சைக்கிளை வரையறுத்தால் மட்டும் போதாது, அப்புறம் அழைக்கவும் வேண்டும்: சைக்கிள் கால் அல்லது எம்99. இன்னொன்று, ஹெலிக்கல் என்று வைத்ததும் பிழை காட்டி நின்றது. டூல் டேபிளில் இறங்கு கோணக் கட்டம் 0 ஆக இருந்தால் அப்படித்தான் வரும். அந்த டூலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கோணத்தை அங்கே போடுங்கள், சரியாகிவிடும்.