மேசைக்கடியில் டிரெட்மில்: செட்டிநாட்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் வாங்கலாமா?

நடந்துகொண்டே கணினி வேலை பார்ப்பதற்காக மேசைக்கடியில் வைக்கும் டிரெட்மில்லை வாங்க நினைப்பவர், அதன் விலையையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் ஆராய்வதற்கு முன்பாகத் தம்முடைய வேலை நாளை ஆராய வேண்டும். எந்த நேரத்தில் எந்த வேலை செய்தோம் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பெரும்பாலும் கேட்க மட்டும் செய்யும் கூட்டங்கள், மின்னஞ்சல் வாசிப்பு, பயிற்சிக் காணொளிகள் ஆகியவை நடையோடு ஒத்துப்போகும். டேலி மென்பொருளில் கணக்கு ஏற்றுவதும் நிரல் எழுதுவதும் ஒத்துப்போவதில்லை. நடக்கும்போது தட்டச்சின் வேகமும் மவுஸின் துல்லியமும் குறையும் என்பதால், அத்தகைய வேலை பார்ப்பவர் இரண்டாவது வாரமே இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்புவார். ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது முதல் வகை வேலை இல்லாதவருக்கு இது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மிதமான உழைப்பு என்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைப்போல் குறைந்தது மூன்று மடங்கு செலவாகும் உழைப்பாகும். வேலை பார்த்தபடி மணிக்கு 2 அல்லது 2.5 கி.மீ. வேகத்தில்தான் வசதியாக நடக்க முடியும். அந்த நடை இந்த அளவை எட்டாது. ஒரு மணி நேர மெதுநடையில் கூடுதலாகச் செலவாகும் கலோரி குறைவே. ஆகவே எடை குறையும் என்று நம்பி வாங்குபவர் ஏமாற்றமடைவார். இடைவிடாமல் உட்கார்ந்திருப்பதைக் குறைப்பதே இதன் உண்மையான பயன். அது சிறிய பயனும் அன்று. ஆனால், காலையில் வேகமாக நடக்கும் வழக்கம் உள்ளவர் இதைக் காரணம் காட்டி அதை விட்டுவிடக் கூடாது.

காசு செலவழிக்காமல் சோதித்துப் பார்ப்பதற்குச் செட்டிநாட்டு வீடுகளைப்போல் வாய்ப்பான இடம் வேறில்லை. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமளவு நீண்ட வீடுகளில், வளவு எனும் உட்பகுதியில் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமே வெயிலும் மழையும் படாத நடைபாதையாக அமைந்திருக்கிறது. மூன்று வாரம், கேட்க மட்டும் வேண்டிய அழைப்புகளைக் கைபேசியில் எடுத்து அங்கே சுற்றி நடந்தபடி கேளுங்கள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அதுவே போதும். திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவரும், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பதால் வீட்டார் உறங்கும் நேரத்தில் வளவில் பேசிக்கொண்டு நடக்க இயலாதவரும், காரைக்குடியில் புதிய குடியிருப்புகளின் சிறு வீடுகளில் வசிப்பவரும் மட்டுமே மேற்கொண்டு யோசிக்கலாம்.

அவர்கள் முதலில் அளக்க வேண்டியது மேசையை. டிரெட்மில்லின் ஓடும் பட்டையின் மேல் ஏறி நின்றதும் உயரம் 10 முதல் 15 செ.மீ. வரை கூடிவிடும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு முழங்கை மட்டத்தில் மேசை அமைய வேண்டுமானால் அது ஏறத்தாழ 115 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். சாதாரண மேசையோ 75 செ.மீ. மட்டுமே. இந்த வட்டாரத்தில் நல்ல ஆசாரிகளுக்குக் குறைவில்லை என்பதால், உங்கள் அளவுக்கே ஓர் உயரமான மேசையைச் செய்துகொள்ளலாம். அந்தச் செலவையும் டிரெட்மில்லின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

தரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்வீடுகளின் தரையில் பதித்துள்ள ஆத்தங்குடி கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றிக் கையால் செய்யப்படுவது. எனவே எண்ணெயை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். டிரெட்மில் பட்டைக்கு அவ்வப்போது சிலிக்கோன் எண்ணெய் இட வேண்டும். சிந்தும் துளிகள் பூ வேலைப்பாட்டின் மேல் நிரந்தரக் கறையாகலாம். கனமான விரிப்பின் மேல் மட்டுமே வையுங்கள். கறுப்பு ரப்பர் விரிப்பின் சாயம் கல்லில் ஏறாதிருக்க அதற்கடியில் ஒரு பருத்தி ஜமுக்காளத்தை விரித்துவிடுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வளவிலோ பட்டாலை எனும் கூடத்திலோ வைப்பதாக இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டு வைப்பதே முறை. அங்கே சத்தம் எதிரொலிக்கும் என்பதையும், திறந்த முற்றத்துத் தூசி பட்டைக்குள் புகும் என்பதையும் எண்ணினால் கதவுள்ள அறையே மேல்.

மின்சாரச் செலவு பெரிதில்லை. மெதுநடையில் ஒரு மணி நேரத்துக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட் வரை ஆகலாம். ஆனால் பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள். விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த இன்வெர்ட்டரில் இதை ஓட்டக் கூடாது.

வேட்டியோடும் சேலையோடும் ஏறுவது ஆபத்து; விளிம்பு பின் உருளையில் சிக்கிக்கொள்ளும். வெறுங்காலில் நடந்தால் பாதம் கொப்பளிக்கும், வீட்டுக்குள் செருப்பணிவதைப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். ஆகவே வெளியே போடாத ஒரு ஜோடி ஷூவை இதற்கென்றே ஒதுக்குங்கள். பின்புறம் 2 மீட்டர் இடம் காலியாக இருக்கட்டும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவரும் தலைச்சுற்றல் உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

இவை எல்லாம் பொருந்தி வந்த பிறகு, விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பழுதுபார்ப்பைப் பற்றியது. 25, 30 கிலோ எடையுள்ள பொருளை மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிச் செல்ல முடியாது. உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு ஆள் வீட்டுக்கே வருவாரா, மோட்டாருக்கும் பட்டைக்கும் தனித்தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம், திருப்பி அனுப்பினால் வண்டிக் கூலி யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் அட்டையை எறியாமல் வைத்திருந்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நாள்தோறும் ஒரு முழுக் கூட்ட நேரமாவது அதில் நடந்து பாருங்கள்.