பழைய புத்தகம் விற்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை திலகர் திடல் சந்தையிலிருந்து ஒரு தம்பி நேராக என் கடைக்கு வந்தார். வாட்ஸ்அப்பில் பழைய புத்தகம் விற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறதாம். பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். சிவப்பு ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து. "அண்ணே, புதுசு மாதிரி ஆக்கிட்டேன், பாருங்க" என்றார்.

நூறு வருடத்துக்கு முன் அச்சான தலபுராண உரை அது. மூன்று ஓரமும் வெட்டப்பட்டிருந்தன. பழைய மேலட்டை எங்கே என்று கேட்டேன். "கிழிஞ்சிருந்துச்சுண்ணே, பைண்டரே எடுத்துப் போட்டுட்டாரு."

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவரைத் திட்ட முடியவில்லை. மதுரை வட்டாரச் சரித்திரமும் இலக்கியமும் மட்டும் வைத்து இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். தொடங்கிய காலத்தில் நானும் இதையே செய்தேன். புத்தகம் நனையக்கூடாது, வாங்குபவரை ஏமாற்றக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் கொள்ளாமல் பைண்டிங்குக்குக் கொடுப்பது

கடை போட்ட இரண்டாம் வருடம், காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒரு மாத இதழின் பன்னிரண்டு இதழ்கள் கிடைத்தன. 1920-களில் வந்தவை. ஒரு வருடம் முழுதாக இருந்தது. அட்டைகள் மட்டும் நைந்து போயிருந்தன. ஒரே தொகுதியாகக் கட்டிவிட்டால் நல்ல விலை போகும் என்று பைண்டரிடம் கொடுத்தேன். எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் தன் வழக்கப்படி செய்தார். பன்னிரண்டு அட்டைகளையும் உரித்துக் கழிவில் போட்டார். ஓரத்தில் துளை போட்டுத் தைத்தார். மெஷினில் வைத்து மூன்று பக்கமும் கட்டிங் போட்டார். புதிதாக அச்சாகிற புத்தகத்துக்கு அது சரியான முறைதான். ஃபாரம் என்பது பல பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு மடித்த பெரிய தாள்; அதன் பக்கங்கள் பிரிய வேண்டுமானால் ஓரத்தை வெட்டியாக வேண்டும். அவர் மேல் குற்றமில்லை, சொல்லாதது என் குற்றம்.

ஒரு வாரம் கழித்து ஓர் ஆய்வு மாணவி வந்தார். தொகுதியைப் புரட்டியவர் முதலில் கேட்டது, "அட்டையெல்லாம் எங்கே சார்?" கட்டுரைகளின் பிரதி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அவர் தேடி வந்தது அட்டைகளை. சந்தா எவ்வளவு, எந்தெந்த ஊரில் ஏஜெண்டுகள் இருந்தார்கள், எந்தக் கடை, எந்த வைத்தியசாலை, எந்த நாடகக் கம்பெனி விளம்பரம் கொடுத்தது என்பதெல்லாம் அட்டையில்தான் இருக்கும். பத்திரிகையை யார் படித்தார்கள் என்று சொல்லும் சாட்சி அது. என்னிடம் பதில் இல்லை.

பக்க ஓரங்களில் பழைய சொந்தக்காரர் யாரோ பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தார். பாடபேதமும் கேள்வியுமாக நல்ல படிப்பாளியின் கை. கட்டிங்கில் ஒவ்வொரு வரியும் பாதியாக அறுந்துவிட்டது. அந்த மாணவி வாங்காமலே போனார். கடைசியில் நினைத்ததில் கால்வாசி விலைக்குத்தான் விற்றேன். பணத்தைப் பிறகு சம்பாதித்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டு அட்டைகளை இன்றுவரை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ஓரத் தையலில் இன்னொரு கேடும் உண்டு. உள் ஓரம் தையலுக்குள் போய்விடும். நொறுங்கும் தாளை விரித்துப் படிக்கும்போது தையலை ஒட்டியே ஒடியும். ஒருமுறை விரித்தால் ஒரு பக்கம் போச்சு.

அப்புறம் என்னதான் செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். அமிலமில்லாத தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். பிரிந்த மேலட்டையை அதே பொதிக்குள் வையுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் "கட்டிங் கூடாது, மேலட்டையும் விளம்பரப் பக்கமும் உள்ளே வர வேண்டும், ஃபாரம் மடிப்பில் தையல்" என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கூடவே நில்லுங்கள். விற்கும்போது மறுகட்டு என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

பழுப்பை வைத்து வயது சொல்வது

1840-களின் புத்தகம் வெள்ளையாக இருக்கும். 1943-இல் வந்தது அப்பளமாக நொறுங்கும். முன்னது கந்தல் துணியில் செய்த தாள், பின்னது மரக்கூழ். போர்க்காலத்துத் தாள் பஞ்சத்தில் கிடைத்ததிலெல்லாம் அச்சடித்தார்கள்.

வருஷப் பெயரை மட்டும் நம்புவது

பழைய நூல்களின் முகப்பில் பல சமயம் தமிழ் வருஷப் பெயர்தான் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அது திரும்பி வரும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்ட 1887 சர்வசித்து வருஷம். 1947-உம் சர்வசித்துதான். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசியில் வந்த நூலுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும்.

அதனால் விலையையும் விலாசத்தையும் பாருங்கள். அணா என்றிருந்தால் அநேகமாக 1957-க்கு முன். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. லை, னை, றா போன்ற எழுத்துகளின் சீர்திருத்த வடிவம் தமிழ்நாட்டு நூல்களில் பரவியது 1978-இன் அரசாணைக்குப் பிறகு.

மறுபதிப்பை முதற்பதிப்பு என்பது

மதுரை வட்டாரத்தைப் பற்றி நெல்சன் ஆங்கிலத்தில் எழுதிய மதுரை மேனுவல் 1868-இல் வந்தது. அதை அப்படியே படமெடுத்து அச்சிட்ட பிற்காலப் பதிப்பிலும் பழைய முகப்புப் பக்கம் இருக்கும். மறுபதிப்பு விவரம் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மெலிந்ததை எடைக்குப் போடுவது

மூட்டை பிரிக்கும்போது புதியவர்கள் கெட்டி அட்டையைத் தனியே எடுத்துவிட்டு, பதினாறு பக்கச் சிந்து, கும்மி, நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் பேப்பர்காரருக்குத் தள்ளுகிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இந்த மதுரை. அந்த உலகத்தின் அச்சுத் தடயம் பெரும்பாலும் இப்படிப்பட்ட மெல்லிய தாள்களில்தான் மிச்சம். பழைய நூல்களைத் தேடிச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பின் மேல் எழுந்த நூலகம் இன்று சென்னையில் இருக்கிறது.

செல்லோடேப்

ஒட்டாதீர்கள்.

நூலக முத்திரை

நூலக முத்திரை இருந்து, நூலகமே கணக்கிலிருந்து நீக்கியதைக் காட்டும் கழித்த முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். எவ்வளவு அரிய நூலானாலும் சரி.

ஓலைச்சுவடி

எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட, இலக்கிய அல்லது சரித்திர மதிப்புள்ள சுவடி 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தாலும் பார்சல் கட்டாதீர்கள். ஏடு வந்தால் நான் விலை பேசுவதில்லை. சுவடி நூலகத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.