புது நீச்சல் குளத்தின் முதல் 28 நாள்

ஊரில் நான் கொத்து வேலைக்குப் போன காலத்தில், பூச்சு முடிந்த சுவருக்கு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்போம். சிமெண்ட் தண்ணீர் குடித்துத்தான் இறுகும். சிங்கப்பூருக்கு வந்து நீச்சல் குளப் பராமரிப்பில் 14 வருஷம் ஆகிறது. குளத்துக்குள் பூசும் பிளாஸ்டரும் அதே கதைதான்: வெள்ளைச் சிமெண்ட், சலவைக்கல் தூள், தண்ணீர். இறுக ஏறக்குறைய 28 நாள் ஆகும். அந்த 28 நாளும் அது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்பதால், எப்படிப்பட்ட தண்ணீர் என்பதைக் கவனித்தே ஆக வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே குழாயில் வரும் பியூபி (சிங்கப்பூர் தண்ணீர் வாரியம்) தண்ணீர் குடிக்க அருமையானது. ஆனால் மென்மையான தண்ணீர், சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைவு. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. குளத்துக்கு அதுவே ஆபத்து. கால்சியம் போதாத தண்ணீர், தனக்கு வேண்டியதைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் கால்சிய மூட்டையிலிருந்து கொடுக்கவில்லை என்றால் பிளாஸ்டரிலிருந்து உருவும்.

நிரப்பும்போது குழாயின் முனையில் பழைய துணியைச் சுற்றிக் கட்டி, ஆழமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் வேகமாக விழுந்தால் இன்னும் இறுகாத பூச்சில் பள்ளம் விழும். தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் அந்த மட்டத்தில் வளையம்போல் கோடு நின்றுவிடும், பிறகு எளிதில் போகாது. நிரம்பும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

நிரம்பியதும் பம்பை ஓடவிட்டு, மருந்துச் சொட்டு விட்டு அளக்கும் கிட்டால் பி.எச். (அமில, காரத் தன்மை), ஆல்கலினிட்டி (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் காரச் சத்து), கால்சியம் மூன்றையும் பாருங்கள். பி.எச். மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர் பூச்சை அரிக்குமா, சுண்ணாம்பு படியுமா என்று பார்க்க லாங்லியர் குறியீடு என்று ஒரு கணக்கு உண்டு. பி.எச். அளவோடு வெப்பம், கால்சியம், ஆல்கலினிட்டி மூன்றுக்கும் அட்டவணையில் உள்ள எண்களைக் கூட்டி 12.1-ஐக் கழிக்க வேண்டும். நான் அளந்த ஒரு குளத்தில் பி.எச். 7.6, பார்க்க நல்ல எண். ஆனால் கால்சியம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), அதற்கு எண் 1.3. ஆல்கலினிட்டி 50, அதற்கு 1.7. 29 டிகிரிக்கு 0.7. கூட்டினால் 11.3, கழித்தால் மைனஸ் 0.8. மைனஸ் 0.3-க்குக் கீழே போனாலே தண்ணீர் பூச்சை அரிக்கும். பிளஸ் 0.3-க்கு மேலே போனால் சுண்ணாம்பு படியும். அதே குளத்தில் ஆல்கலினிட்டியை 80-க்கும் கால்சியத்தை 250-க்கும் ஏற்றினால் பிளஸ் 0.1. பி.எச். மாறவே இல்லை, பாருங்கள்.

அளவு எவ்வளவு? 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் 70,000 லிட்டர். ஆல்கலினிட்டியை 30 பிபிஎம் ஏற்ற சுமார் மூன்றரைக் கிலோ சோடியம் பைகார்பனேட் போதும். கால்சியத்தை 200 ஏற்ற, செதில் வடிவக் கால்சியம் குளோரைடு சுமார் 20 கிலோ வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், தண்ணீர் பால்போல் கலங்கிவிடும். முதல் நாள் பைகார்பனேட். கால்சியத்தை நான்காம் நாள் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. மென்மையான தண்ணீரில் அவ்வளவு காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, நான் மறுநாளே சிறு சிறு பங்காக ஆரம்பிக்கிறேன். பூச்சு போட்டவர் எழுத்தில் கொடுத்த முறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள், உத்தரவாதம் அதில்தான் நிற்கிறது. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு கால்சியம். நன்றாகச் சூடாகும், கையை விடாதீர்கள்.

புதுப் பூச்சு தானும் சுண்ணாம்பைக் கக்கும். அதனால் பி.எச். தினமும் ஏறும், 8.2-ஐத் தாண்டவும் செய்யும். அப்போது ஆசிடைத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்தைச் சுற்றி ஊற்றி 7.2 முதல் 7.6-க்குள் வையுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே பூச்சு வெந்துபோகும். சுவரில் மாவுபோல் வரும் தூசியை நைலான் பிரஷால் காலை, மாலை என்று இரண்டு வாரம் தேய்க்க வேண்டும். இந்தத் தேய்ப்பில் சோம்பல் காட்டினால் பிறகு எந்த மருந்தும் அதை ஈடுகட்டாது. குளோரின் முதல் மூன்று நாள் வேண்டாம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்புக் குளமாக இருந்தாலும் 28 நாள் முடியாமல் உப்பு போடக் கூடாது. தரை அழுக்கை உறிஞ்சும், சக்கரம் வைத்த வாக்குவமும் அதுவரை இறங்க வேண்டாம். குளோரின் வில்லையைத் தரையில் எப்போதுமே போடாதீர்கள், அது கரையும் இடத்தில் பூச்சு கெட்டுப்போகும்.

மழையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2016 டிசம்பரில் புக்கிட் தீமா பக்கம் ஒரு தனிவீட்டுக் குளம் என் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்கார அம்மா, “தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே தம்பி” என்று சந்தோஷப்பட்டார். நானும் பி.எச். மட்டும் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஜனவரியில் அவர் பேரப்பிள்ளையின் முட்டி சுவரில் உரசித் தோல் கிழிந்தது. கை வைத்துப் பார்த்தேன், சுவர் உப்புத்தாள்போல் சொரசொரப்பு. இங்கே டிசம்பரில் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நான் சொன்ன அளவுக் குளத்தில் அது 15,000 லிட்டர், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அத்தனையும் கால்சியமே இல்லாத தண்ணீர்; நாம் போட்டது வழிந்து வடிகாலுக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளை அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் பெருமழை விட்ட மறுநாள், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கால்சியத்தை அளந்துவிடுங்கள். 200-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே போடுங்கள்.