பெங்களூரு மொட்டை மாடியிலிருந்து கோள்களின் காற்றை அறிவது எப்படி?

வெள்ளியின் காற்றில் 96 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு, வியாழனில் பெரும்பகுதி ஹைட்ரஜன், சனியின் துணைக்கோளான டைட்டனில் நைட்ரஜன் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர். அங்கே போகாமலே இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வகுப்பில் எழுந்து கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தக் கேள்விக்கு விடை தேடப் பெரிய தொலைநோக்கி எதுவும் வேண்டாம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ விவேக் நகரிலோ ஒரு மொட்டை மாடி, பயன்படாமல் கிடக்கும் ஒரு சிடி, ஒரு சாதாரண பைனாகுலர் ஆகியவை போதும். பார்க்கும் வரிசையில் மட்டும் கவனம் வேண்டும்: முதலில் நம் தலைக்கு மேலுள்ள காற்று, அடுத்து வீட்டு விளக்கு, அதன் பிறகே கோள். கோளிலிருந்து வரும் ஒளி நம் காற்றைக் கடந்தே கண்ணுக்கு வந்து சேர்கிறது என்பதால், நம் காற்று ஒளியை என்ன செய்கிறது என்று பழகாதவருக்கு, எது அங்கிருந்து வந்தது, எது இங்கே சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வராது.

நம் காற்றை அளப்பதிலிருந்து தொடங்கலாம். பல கைபேசிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் உணரி இருக்கிறது. அதைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் பெங்களூருவில் ஏறத்தாழ 910 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) என்று காட்டும். வானிலைச் செயலியைத் திறந்தால் அதே நேரத்தில் 1010 என்று இருக்கும். இதைக் கண்டு கைபேசி பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். வானிலைச் செய்திகளில் தரப்படுவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம்; உணரி சொல்வது நாம் நிற்கும் இடத்தின் உண்மையான அழுத்தம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், காற்றின் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நம் காலுக்குக் கீழே இருக்கிறது. சென்னையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே வந்து சேரும்போது உப்பியிருப்பதற்கும், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே ஏறத்தாழ 97 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதற்கும் காரணம் இதுதான். அடுத்த முறை ஊருக்கு ரயிலில் போகும்போது செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குப்பம் தாண்டி ஜோலார்பேட்டையை நெருங்கும்போது எண் படிப்படியாக ஏறுவது தெரியும். ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ பாதியாகிறது என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், செவ்வாயின் தரையில் இருக்கும் 6 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் நம் தலைக்கு மேல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம் என்பது வெறும் எண்ணாக நின்றுவிடாது.

இந்தக் காற்றில் என்ன இருக்கிறது? ஈரப்பதத்தை நீக்கிப் பார்த்தால் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93, கரியமில வாயு 0.04 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஓசோன் இவற்றோடு ஒப்பிட எண்ணத்தகாத அளவு. ஆனாலும் வெறும் கண்ணால் ஒரு வாயுவின் வேலையைப் பார்க்க விரும்புகிறவருக்கு இந்த ஓசோன்தான் முதல் பாடம்.

வானம் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பே மாடிக்குப் போய்விட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது; பைனாகுலரை அந்தத் திசைப் பக்கமே திருப்பக் கூடாது. சூரியன் முழுவதும் மறைந்த பிறகு மூன்று இடங்களை மாறி மாறிப் பாருங்கள். மேற்கில் அடிவானம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. அடிவானத்திலிருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப் போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. கிழக்கில், கட்டடங்கள் இடம்விட்டால், அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலமாக ஒரு பட்டையும் அதன் மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டையும் எழும். கீழே தெரிவது பூமியின் நிழல், நம் காற்றின் மேலேயே விழுந்தது. சில நிமிடங்களில் அது மேலேறிக் கரைந்துவிடும். இப்போது மூன்றாவது இடம், தலைக்கு நேர் மேலே. அங்கே வானம் ஆழ்ந்த நீலமாகவே இருக்கும். பகல் வானத்து நீலத்துக்குச் சொல்லும் அதே சிதறல் காரணத்தை இதற்கும் சொல்லிவிடுவார்கள், அது பொருந்தாது. இந்த நேரத்தில் உச்சியை எட்டும் சூரிய ஒளியும் நெடுந்தொலைவு காற்றைக் கடந்து நீலத்தை இழந்தே வருகிறது என்பதால், சிதறல் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் உச்சிவானம் வெளிறிய சாம்பலும் மஞ்சளுமாக இருந்திருக்க வேண்டும். வழியில் ஓசோன் அடுக்கு ஆரஞ்சு, மஞ்சள் நிற ஒளியை உறிஞ்சிவிடுவதால்தான் நீலம் நிலைக்கிறது என்று 1953-இல் ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத வாயு என்று சொல்லப்படும் ஒன்று வானத்துக்கே நிறம் பூசுவதை அந்தி நேரத்துப் பத்து நிமிடங்களில் பார்த்துவிடலாம். இதே வேலையை நிலவின் மீதும் காணலாம்: முழுச் சந்திர கிரகணத்தின்போது நிலவு செம்பு நிறமாவது நம் காற்று வடிகட்டிய ஒளியால், நிழலின் விளிம்பில் பைனாகுலரில் தெரியும் மெல்லிய நீலச்சாயல் ஓசோனால். 2028 டிசம்பர் 31 அன்று இரவு பத்து மணியை ஒட்டி இங்கிருந்தே அதைப் பார்க்கலாம்.

இருட்டிய பிறகு மினுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை தென்திசையில் சீரியசும், அதற்குக் கீழே அகத்திய விண்மீனும் ஒருங்கே தெரியும். பெங்களூருவிலிருந்து சீரியஸ் அதிகபட்சம் 60 பாகை உயரத்துக்கு ஏறும். அகத்தியம் 24 பாகையைத் தாண்டாது. தாழ்ந்து நிற்பதன் ஒளி அதிகக் காற்றைக் கடப்பதால் அதன் மினுக்கமும் அதிகம் என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே உணரலாம். கோள்கள் ஏறக்குறைய மினுக்குவதில்லை, ஏனெனில் அவை புள்ளிகளாக இல்லாமல் சிறு வட்டங்களாக இருக்கின்றன. வட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளி காற்றில் தள்ளாடினால் இன்னொரு பகுதியின் ஒளி அதை ஈடுகட்டிவிடுகிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் இருட்டிய பின் வெகுநேரம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் நின்று பைனாகுலரில் பார்த்தால் எல்லாமே நெளியும். ஆகவே ஒன்பது மணிக்குப் பிறகு போவது நல்லது. பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு முகத்தில் அடித்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொள்ளலாம். மாடிக் கதவுக்குப் பூட்டு போடும் அடுக்குமாடிச் சங்கங்களோடு பேசி முடிப்பது இந்த முழு வேலையிலும் கடினமான பகுதி என்பது என் கருத்து.

அடுத்தது விளக்கு. ஒரு செருப்புப் பெட்டியின் குறுகிய பக்கத்தில் சன்னல் போல் வெட்டி, இரண்டு அலுமினியத் தகடுகளின் நேரான விளிம்புகளை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டிக் கிடைமட்டமான ஒரு கீற்றுப் பிளவை அமைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், பளபளக்கும் முகம் பிளவைப் பார்த்திருக்குமாறு, அடித்தளத்தோடு 60 பாகை சாய்வில் சிடியை நிறுத்த வேண்டும். சிடிக்கு நேர் மேலே மூடியில் ஒரு சிறு துளை. சிடியில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் தடங்கள் நெருங்கி ஓடுவதால் அது ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஏறத்தாழ செங்குத்தாக மேலே அனுப்பும். சிடியின் நடுத்துளைக்கு மேலோ கீழோ உள்ள பகுதியில் பார்த்தால்தான் தடங்கள் பிளவுக்கு இணையாக இருக்கும், கோடுகளும் கூர்மையாகத் தெரியும். வேறு இடுக்குகளில் வெளிச்சம் கசியாதபடி கறுப்பு டேப்பால் அடைத்துவிடுங்கள்.

பெட்டியை எல்இடி விளக்குக்குக் காட்டினால் இடைவெளியில்லாத வானவில் பட்டை தெரியும். பழைய டியூப் லைட்டுக்குக் காட்டினால் பட்டையின் மேல் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடும் ஒரு ஊதாநீலக் கோடும் நிற்கும். இவை குழாயினுள்ளிருக்கும் பாதரச ஆவியின் கோடுகள். பிறகு அறையை இருட்டாக்கிவிட்டு, பழைய சுவிட்ச் போர்டில் செம்மஞ்சளாக ஒளிரும் இண்டிகேட்டரை நெருங்கிப் பாருங்கள். அங்கே வானவில் இருக்காது. சிவப்பிலும் ஆரஞ்சிலும் சில கோடுகள் மட்டும் தனித்தனியே நிற்கும். அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழில் இருப்பது நியான். எந்த வீட்டில் எரிந்தாலும் அதே கோடுகள், அதே இடங்களில்; கைரேகை மாறாததைப் போல. ஒளிரும் வாயு தன் கோடுகளை ஒளியாகத் தருகிறது. பின்னாலிருந்து வரும் ஒளி குளிர்ந்த வாயுவைக் கடந்தால் அதே இடங்களில் கருங்கோடுகள் விழுகின்றன. 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூர் வழியே சென்ற முழுச் சூரிய மறைப்பின்போது பதிவான ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அதுவரை தெரிந்திருந்த எந்தப் பொருளோடும் பொருந்தவில்லை. ஹீலியம் இப்படித்தான் முதலில் சூரியனில் அறியப்பட்டது. பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல்.

பகலில் வெள்ளைச் சுவரிலோ வெண்மேகத்திலோ பட்டு வரும் ஒளிக்குப் பெட்டியைக் காட்டினால் சூரிய நிறமாலை, அதாவது சூரிய ஒளி நிறங்களாகப் பிரிந்த பட்டை, கிடைக்கும். பிளவு மிகக் குறுகலாக இருந்தால் அதில் சில கருங்கோடுகள் தெரியும். 1814 முதல் இவற்றை அளந்து வரைபடமாக்கியவர் ஃபிரான்ஹோஃபர். ஆனால் ஆழ்ந்த சிவப்பில் 687 நானோமீட்டர் அருகே இருக்கும் கருமை சூரியனுடையதன்று. நம் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் போட்டது. சூரியன் தாழத் தாழ அது அழுத்தமாகும். கோள்களின் வாயுக்களைத் தேடியவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்: கோளின் கோடா, நம் காற்றின் கோடா? நம் காற்றில் அரிதாக உள்ள வாயுவாக இருந்தால் சிக்கல் குறைவு. 1932-இல் வானியலாளர்கள் ஆடம்ஸும் டன்ஹமும் வெள்ளியின் அகச்சிவப்பு நிறமாலையில் கரியமில வாயுவைக் கண்டதும், 1944-இல் கைப்பர் டைட்டனில் மீத்தேனைக் கண்டதும் அப்படித்தான். மற்ற வாயுக்களுக்கு, கோள் நம்மை நெருங்கும்போதோ விலகும்போதோ அதன் கோடுகள் மட்டும் சற்று இடம்பெயர்வதைப் பயன்படுத்துகிறார்கள்.

இனிக் கோள்கள். எந்த மாதம் எது எங்கே என்பதை ஸ்டெல்லேரியம் செயலி சொல்லிவிடும். வெள்ளி, சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது என்பதால் மாலை மேற்கிலோ விடியற்காலை கிழக்கிலோ மட்டுமே தெரியும். அதன் கண்கூசும் வெண்மைக்குக் காரணம், மேல்விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பியனுப்பும் கந்தக அமில மேகம். கீழே அழுத்தம் நம்மைப்போல் 92 மடங்கு, வெப்பம் ஏறத்தாழ 465 பாகை செல்சியஸ். செவ்வாயின் சிவப்பைப் பார்த்து அதன் காற்றை ஊகிக்கக் கூடாது; அந்நிறம் துருவேறிய தூசியினுடையது. அதன் மெல்லிய காற்றும் 95 விழுக்காடு கரியமில வாயுதான். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் காற்றின் கலவை ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் ஒன்று உலை, இன்னொன்று உறைபனி என்பதைக் கவனித்தால், எந்த வாயு என்பதைவிட எவ்வளவு வாயு என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்குச் செவ்வாய் அவ்வளவு தொலைவும் இல்லை. 2014 செப்டம்பர் 24 அன்று இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் அதன் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது கட்டளைகள் போனது இந்த ஊரின் பீன்யாவிலுள்ள இஸ்ரோ மையத்திலிருந்து.

வியாழனைப் பார்க்கும்போது பைனாகுலரைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பிடித்தால் பக்கத்தில் நான்கு துணைக்கோள்கள் வரிசையாகத் தெரியும். நாம் காண்பது அம்மோனியாப் பனி மேகங்களின் மேற்பரப்பை; ஹைட்ரஜனுக்குச் சொந்த நிறம் இல்லை. அந்த ஹைட்ரஜன் வியாழனில் மட்டும் ஏன் தங்கியது என்பதற்கு விடுபடு வேகம், அதாவது ஒரு கோளின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம், விடை தரும்: வியாழனுக்கு நொடிக்கு 59.5 கிலோமீட்டர், பூமிக்கு 11.2, நிலவுக்கு 2.4. வெப்பத்தால் துள்ளும் இலேசான மூலக்கூறுகளைப் பூமியால் நெடுங்காலம் பிடித்து வைக்க முடிவதில்லை. நிலவால் எதையுமே முடிவதில்லை.

நிலவுக்குக் காற்று இல்லை என்பதையும் மாடியிலிருந்தே சோதிக்கலாம். வளர்பிறையில் நிலவின் இருண்ட விளிம்பு முன்னால் நகர்கிறது. அதன் பாதையில் ரோகிணி போன்ற ஒரு பிரகாசமான விண்மீன் வரும் இரவைச் செயலியில் கண்டுபிடித்து, பைனாகுலரை அசையாமல் வைத்துக் காத்திருங்கள். விண்மீன் மங்காது, சிவக்காது. சுவிட்ச் போட்டு அணைத்தாற்போல் சட்டென்று காணாமல் போகும். காற்று இருந்திருந்தால் படிப்படியாக மங்கியிருக்கும். இதே முறையை, கோரமங்களாவிலுள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இன்று இயங்கும் காவலூர் ஆய்வகம் 1972-இல் வியாழனின் துணைக்கோள் கானிமீடில் கையாண்டது. ஜவ்வாது மலையில் அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில், கானிமீடுக்குப் பின்னால் ஒரு விண்மீன் மறைவதை அளந்தபோது கிடைத்த பதிவு, அதற்கு மெல்லிய காற்று இருக்கலாம் என்று காட்டியது. வாயேஜர் விண்கலம் பின்னர் அளந்தபோது அது இன்னும் பல மடங்கு மெலிதென்று தெரிந்தது. நிலவு விண்மீனை மறைப்பதைப் பார்க்க நாள் குறிக்கும்போது டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் பார்த்துக் குறியுங்கள். சூன் முதல் நவம்பர் வரை இந்த ஊர் மேகம் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது.