முசுட்டுத் துப்பறிவாளரை எழுதுவது எப்படி?

போன வருஷம் மட்டும் நாலு பேர் தாங்கள் எழுதிய துப்பறியும் கதையை வாட்ஸாப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். நாலு கதையிலும் ஒரே ஆள். கறுப்புக் காபி குடிப்பார், கதவைத் தட்டாமல் உள்ளே வருவார், இன்ஸ்பெக்டரை முட்டாள் என்பார், கடைசிப் பக்கத்தில் கொலைகாரனைக் கை காட்டுவார். நடுவில் யாராவது ஒருவர், "அவர் ஜீனியஸ் சார், ஆனா பழகக் கஷ்டம்" என்று நமக்கு அறிமுகம் செய்து வைப்பார்.

எனக்குச் சிரிக்கத் தகுதியில்லை. 1996இல் நான் எழுதிய முதல் துப்பறியும் கதையும் இதேதான். ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் உதவி ஆசிரியர் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்: "உங்கள் ஹீரோ ஏன் எல்லாரையும் திட்டுகிறார்? பல் வலியா?"

அந்தப் பென்சில் வரிக்குப் பதில் தேடித்தான் ஷெர்லக் ஹோம்ஸைத் திரும்ப எடுத்தேன். 4 நாவல், 56 சிறுகதை. முதல் தடவை ரசிகனாகப் படித்தது. இந்தத் தடவை தையலைப் பிரித்துப் பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை, நிஜமாக ஒரு ஆளைப் பிடிப்பது. ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது ஜோசஃப் பெல் என்ற அறுவை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே பெல் பாதி கதையைச் சொல்லிவிடுவாராம். ஒருநாள் வந்த ஆளைப் பார்த்து, நீ ராணுவத்தில் இருந்தவன், சமீபத்தில்தான் வெளியே வந்திருக்கிறாய், பார்படோஸில் இருந்தாய் என்கிறார். எல்லாம் சரி. எப்படி? ஆள் மரியாதையானவர்தான், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. ராணுவப் பழக்கம் இன்னும் போகவில்லை. வந்திருக்கும் நோய் யானைக்கால். அது பிரிட்டனில் வருவதில்லை, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. டாயில் பின்னாளில் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

எனக்குக் கிடைத்த பெல், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த டெய்லர்.

ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வீட்டுக்காரருடைய பேண்ட்டைக் கொண்டுவந்தார். "இடுப்பு ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்ணே." டெய்லர் பேண்ட்டை உள்பக்கம் புரட்டி, பின் தையலை பிளேடால் பிரித்து, துணியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பழைய ஊசித் துளை ஒரு வரிசை. முக்கால் இஞ்ச் தள்ளி இன்னொரு வரிசை.

"ஏற்கெனவே ஒருதரம் பிடிச்சிருக்கு. ரெண்டு வரிசைக்கும் நடுவுல பாருங்க, துணி வெளுக்கவே இல்ல. அப்ப, தச்சு ரெண்டு மூணு மாசத்துலயே பிடிச்சாச்சு. இப்ப மறுபடியும் ரெண்டு இஞ்ச். அண்ணன் ரொம்ப வேகமா இளைக்காரு. சுகர் பாத்தீங்களா?"

கடையில் நான் இருந்தேன். யூனிபார்முக்கு அளவு கொடுக்க வந்த ஒரு குடும்பமே இருந்தது. அக்கா முகம் செத்துப்போயிற்று. "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்று பேண்ட்டை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார். சுகர்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், அதனால் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கடைக்குப் போனால் டெய்லர் கவலையாக இருந்தார். அந்த அக்காவைப் பற்றித்தான் என்று நினைத்தேன். "பிரிச்ச தையலோட கொண்டு போயிட்டாங்களே, அப்படியே விட்டா இழை பிரியுமே" என்றார். அவ்வளவுதான் அவருடைய வருத்தம்.

அன்று எனக்கு விஷயம் புரிந்தது. டெய்லரிடம் திறமை ஒரு பக்கம், குறை இன்னொரு பக்கம் என்று இரண்டு சரக்கு இல்லை. ஊசித் துளையை அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு எதிரே நிற்கிற முகம் தெரியாது. இரண்டும் ஒரே கண். என் முதல் ஹீரோ கொலைகாரனைக் கண்டுபிடித்ததற்கும் இன்ஸ்பெக்டரைத் திட்டியதற்கும் சம்பந்தமே கிடையாது. பென்சில்காரர் பிடித்தது அதைத்தான். உங்கள் கதையிலும் சோதித்துப் பாருங்கள். ஆளுடைய குறையை அழித்துவிடுங்கள். துப்பறிதல் அப்படியே நடக்கிறதா? நடந்தால் அந்தக் குறை வெறும் ஒட்டு மீசை.

ஹோம்ஸிடம் இதற்கு அசல் உதாரணம், 1890இல் வந்த இரண்டாவது நாவலின் தொடக்கத்தில் வரும் கைக்கடிகாரம். கைக்கடிகாரம் என்பது தப்பு, சட்டைப்பையில் வைக்கிற பாக்கெட் கடிகாரம். ஹோம்ஸோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பர், கதைகளைச் சொல்கிற டாக்டர் வாட்சன் அதை நீட்டி, இதன் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சீண்டுகிறார். ஹோம்ஸ் மூடியைத் திறக்கிறார், லென்ஸ் வைக்கிறார். முதலில் ஒரு குறை சொல்கிறார்: சமீபத்தில்தான் துடைத்திருக்கிறார்கள், நல்ல தடயமெல்லாம் போய்விட்டது. பிறகு ஆரம்பிக்கிறார். உங்கள் அண்ணனுடையது, அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது. ஒழுங்கில்லாத ஆள். நல்ல வாய்ப்புகள் இருந்தன, எல்லாவற்றையும் விட்டார். வறுமை, நடுநடுவே கொஞ்சம் காசு, கடைசியில் குடி, சாவு.

வாட்சன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, நொண்டிக்கொண்டே அறையில் நடக்கிறார். என் அண்ணனைப் பற்றி எங்கோ விசாரித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறீர்கள், இது உங்களுக்கு அழகில்லை என்கிறார். ஹோம்ஸ் உடனே மன்னிப்புக் கேட்கிறார்: இதை ஒரு கணக்கு மாதிரிப் பார்த்தேன், உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது மறந்துவிட்டது. மன்னிப்பு அங்கேயே முடிந்திருந்தால் அது வேறு ஆள். அடுத்த வரியிலேயே, கடிகாரத்தை நீங்கள் தரும்வரை உங்களுக்கு அண்ணன் இருந்தார் என்றே எனக்குத் தெரியாது என்கிறார். மன்னிப்பின் வாலில் பெருமை தொங்குகிறது.

இங்கே வாட்சனைக் கவனியுங்கள். அடிபட்ட மனிதர், இரண்டு வரி தள்ளி, "அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார். ஹோம்ஸ் அடுக்குகிறார். 50 கினி (அந்தக் கால இங்கிலாந்துக் காசு) விலையுள்ள கடிகாரத்தைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டதால் விழுந்த கீறல்கள். மூடியின் உள்ளே அடகுக்காரர்கள் ஊசிமுனையால் கீறிய எண்கள், குறைந்தது நாலு இருக்கிறது. நாலு தடவை அடகுக்குப் போய் மீண்டிருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி ஆயிரம் கீறல். நிதானத்தில் இருப்பவன் கை அப்படி வழுக்காது. வாட்சன் வலியையும் மறந்து வாய் பிளந்து கேட்கிறார். இந்த முசுட்டோடு இந்த நல்ல மனிதர் ஏன் குடியிருக்கிறார் என்பதற்கு டாயில் தனியாக விளக்கம் எழுதவில்லை. அந்த ஒரு கேள்வி போதும்.

உங்கள் கதையிலும் இப்படி ஒரு காட்சியை முதல் பத்துப் பக்கத்துக்குள் வையுங்கள். பொருள் சின்னதாக இருக்கட்டும்: ரேஷன் கார்டு, ஹெல்மெட், டிபன் கேரியர். துப்பு சரியாக இருக்கவேண்டும். வலி அருகில் இருப்பவருக்கு விழவேண்டும். ஆள் வலியைப் பார்க்காமல் பொருளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது, ஆளுக்கு என்ன தெரியாது என்பதன் பட்டியல். 1887இல் வந்த முதல் நாவலில் வாட்சன் உட்கார்ந்து பட்டியலே போடுகிறார். இலக்கியம் பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானியல் பூஜ்யம். வேதியியல் ஆழம். விஷச் செடிகள் தெரியும், தோட்டவேலை தெரியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது ஹோம்ஸுக்குத் தெரியாது; சொன்னதும், இதை மறக்க முயற்சி செய்கிறேன் என்கிறார். மூளை ஒரு சின்னப் பரண், கண்டதையும் ஏற்றினால் வேண்டியது கைக்கு வராது என்பது அவர் கட்சி. நம்மவர்கள் எழுதும் துப்பறிவாளருக்கோ எல்லாம் தெரியும்: கர்நாடக சங்கீதம், கராத்தே, கம்ப்யூட்டர், கம்பராமாயணம். அப்படிப்பட்டவரைச் சந்தித்தால் எழுந்து கும்பிடத்தான் தோன்றும், கூடவே நடந்து போகத் தோன்றாது. என் டெய்லருக்குத் தன் கடைக்கு எதிரே எந்த பேங்க் இருக்கிறது என்று தெரியாது.

விசித்திரப் பழக்கங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரசீகச் செருப்பின் முனையில் புகையிலை, பதில் போடாத கடிதங்களை மரச்சட்டத்தில் குத்தி வைத்த கத்தி, சுவரில் துப்பாக்கியால் சுட்டே எழுதிய விக்டோரியா ராணியின் முதலெழுத்துகள். படிக்க ஜோராக இருக்கும். ஆனால் இவை கடைசியாகத் தூவுகிற கொத்தமல்லி. பழக்கத்திலிருந்து தொடங்கினால் கறுப்புக் காபியில்தான் போய் நிற்பீர்கள். ஹோம்ஸின் கொக்கெய்ன் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது அவருடைய காலத்தோடும் ஊரோடும் சேர்ந்தது.

இன்னொன்று. ஆளுக்கு ஒரு வியாதிப் பெயரை ஒட்டி, அதனால்தான் இப்படி என்று முடிக்காதீர்கள். அந்தப் பெயரோடு வாழ்கிறவர்களும் கதை படிக்கிறார்கள். அவர்கள் யாரும் துப்பறிவாளர்கள் இல்லை, முசுடுகளும் இல்லை. டாயில் 40 வருஷம் எழுதியும் எந்தப் பெயரும் ஒட்டவில்லை.

முசுட்டுத்தனத்துக்கு யாராவது விலை கொடுக்கவேண்டும். இதில் டாயில் தயவு பார்ப்பதில்லை. 1904இல் வந்த ஒரு கதையில், மிரட்டிப் பணம் பறிக்கிறவன் வீட்டுக்குள் தகவல் பிடிக்க, ஹோம்ஸ் பிளம்பர் வேஷம் போட்டு அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு கல்யாண நிச்சயமே செய்துகொள்கிறார். வாட்சன் பதறுகிறார், அந்தப் பெண்ணின் கதி? ஹோம்ஸ் தோளைக் குலுக்குகிறார். அவளுக்கு இன்னொருவன் காத்திருக்கிறான், நான் நகர்ந்ததும் வந்துவிடுவான் என்கிறார். அந்தப் பெண் அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று கதை சொல்வதில்லை. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு அந்த இடம் உறுத்தும். உறுத்தட்டும். உங்கள் ஹீரோ செய்ததை நியாயப்படுத்த ஓடிவராதீர்கள்.

அவமதிப்பிலும் தினுசு வேண்டும். 1913 கதை ஒன்றில், சாகக் கிடப்பதுபோல நடிக்கும் ஹோம்ஸ், வைத்தியம் பார்க்க வந்த வாட்சனை, நீங்கள் அனுபவம் குறைந்த சாதாரண டாக்டர் என்று மட்டம் தட்டி எட்ட நிறுத்துகிறார். வாட்சனுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் காரணம் தெரிகிறது: கிட்டே வந்து நாடி பிடித்திருந்தால் நடிப்பு என்று வாட்சன் கண்டுபிடித்திருப்பார். வாட்சனின் வைத்தியத் திறமையை நம்பியதால்தான் அந்த வசவு. திட்டு எழுதுவதானால் இப்படி எழுதவேண்டும். கதை முடிந்த பிறகு திரும்பிப் போய்ப் படித்தால் அர்த்தம் மாறவேண்டும்.

அப்புறம், தோற்கவிடுங்கள். 1891இல் வந்த ஒரு கதையில், உதவி கேட்டு வந்த ஓர் இளைஞனை ஹோம்ஸ் ராத்திரி தனியாக வீட்டுக்கு அனுப்புகிறார். காலையில் அவன் செத்த செய்தி பேப்பரில். அப்போதும் அவர் வாயில் வருவது, இது என் கர்வத்தைக் காயப்படுத்துகிறது என்பது. இரண்டு வருஷம் கழித்து வந்த கதையில் நார்பரி என்ற இடத்தில் முழுக்கத் தப்பாக ஊகித்து, எனக்குத் தலைக்கனம் ஏறினால் 'நார்பரி' என்று காதில் சொல்லுங்கள் என்று வாட்சனிடம் தானே கேட்டுக்கொள்கிறார். தோற்காத முசுடுவை வாசகர் மூன்றாவது கதையில் கைவிட்டுவிடுவார்.

கதையை யார் சொல்வது? துப்பறிவாளரையே சொல்ல விடாதீர்கள். 1926இல் டாயில் இரண்டு கதைகளை ஹோம்ஸ் வாயாலேயே சொல்லிப் பார்த்தார். துப்பெல்லாம் இருக்கிறது, ஆனால் ஆளை வெளியிலிருந்து பார்க்க யாரும் இல்லை. வியக்க ஆள் இல்லை, புண்பட ஆள் இல்லை. நான் என் இரண்டாவது கதையில் டெய்லர் கடைக் காஜாப் பையனைக் கதைசொல்லி ஆக்கினேன். பட்டன் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பான், அண்ணாச்சி வாயால் ஓடிப்போன கஸ்டமர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்வதும் அவன்தான்.

கனிவை எழுதுவதானால் ஒரே ஒரு தடவை. 1924இல் வந்த கதையில் வாட்சன் மேல் குண்டு உரசுகிறது. ஹோம்ஸ் பதறிப்போய், அடி பட்டுவிட்டதா, இல்லையென்று சொல்லுங்கள் என்கிறார், உதடு நடுங்குகிறது. முதல் நாவல் வந்து 37 வருஷம் கழித்து. நம்மால் அவ்வளவு காத்திருக்க முடியாது, ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே நாய்க்குட்டிக்குப் பிஸ்கட் போடவைக்காதீர்கள்.

என் டெய்லர் கதை வேறொரு பத்திரிகையில் வந்தது. பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, உங்கள வச்சு எழுதியிருக்கேன்" என்று நீட்டினேன். வாங்கினார். என் கதை இருந்த பக்கத்தைத் திறக்கவில்லை. நடுப்பக்கத்தை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார்.

"பின்னை ஒண்ணரை நூல் தள்ளி அடிச்சிருக்கான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.