எல்.எல்.ஆர். தேர்வுக்குப் போகிறீர்களா? பலகைகளில் இருந்து தொடங்குங்கள்

எல்.எல்.ஆர். (வண்டி ஓட்டப் பழகுவதற்கான உரிமம்) போட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது சான்றிதழ்களைப் பற்றித்தான். கணினித் தேர்வை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'விடை எல்லாம் நாங்களே சொல்லித் தருகிறோம்' என்று ஆள் பிடிப்பவர்களும் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து படித்தால் யாருக்கும் இது வரும். நாளைக்கு ரோட்டில் உங்கள் உயிரையும் எதிரில் வருபவர் உயிரையும் காப்பதும் இந்தப் படிப்புதான்.

விண்ணப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பரிவாகன் சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஸ்லாட் (தேர்வுக்கான நாள், நேரம்) எடுக்க வேண்டும். இதற்கு செல்போனைவிட லேப்டாப் எவ்வளவோ மேல். படமும் கையெழுத்தும் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கருப்புப் பேனாவால் போட்டு, சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டால் அளவு தானாகக் குறையும். கியர் பைக், கார் இரண்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் இப்போதே டிக் செய்துவிடுங்கள். வகை ஒன்றுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். வயது 40-ஐத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ தேவை.

சரி, படிப்புக்கு வருவோம்.

சாலையோரப் போக்குவரத்துப் பலகைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய ஆரம்பித்தால் தலை சுற்றும். முதலில் வடிவத்தைப் பாருங்கள். சிவப்பு வளையம் போட்ட வட்டம் என்றால் உத்தரவு, மீறினால் அபராதம். சிவப்பு ஓரம் உள்ள முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் சதுரமோ செவ்வகமோ என்றால் தகவல்: ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் மாதிரி. இதில் அடங்காதவை கொஞ்சம்தான். எண்கோணம் என்றால் நில். தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு. முழு நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருந்தால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

என்னை நிறையக் குழப்பியது ஒரு ஜோடி. இரண்டுமே நீலப் பின்னணி, சிவப்பு வளையம். ஒன்றில் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு, இன்னொன்றில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி மாதிரி. ஒற்றைக் கோடு என்றால் பார்க்கிங் செய்யக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். பெருக்கல் குறி என்றால் அதற்குக்கூட நிற்கக் கூடாது. இதை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள், அப்புறம் மறக்காது.

அடுத்த ஜோடி ரயில்வே கேட். முக்கோணத்துக்குள் வேலி போல வரைந்திருந்தால் ஆள் இருக்கும் கேட். ரயில் எஞ்சின் படம் இருந்தால் ஆளில்லாத கேட். கூடவே வரும் சாய்கோடுகள் தூரத்தைச் சொல்லும்: இரண்டு கோடு என்றால் 200 மீட்டர், ஒன்று என்றால் 50 முதல் 100 மீட்டர். ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, கூட வருபவர் இறங்கிப் போய் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கூட யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும்.

கை சைகைகள் எல்லாம் வலது கையால்தான். நாற்காலியில் உட்கார்ந்து நிஜமாகவே கையை நீட்டிச் செய்து பாருங்கள். மற்ற விதிகளில் கேள்வி வர வாய்ப்புள்ளவை: வலப்புறமாகவே முந்த வேண்டும், ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிட வேண்டும், விபத்து நடந்தால் முதலில் காயம்பட்டவருக்குச் சிகிச்சை, பிறகு 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தகவல், ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்: பாதி ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பது புரியும்.

பயிற்சிக்கு ஆப் எதையும் இறக்க வேண்டாம் என்பேன். சாரதி தளத்திலேயே மாதிரித் தேர்வு இருக்கிறது, அதுவே போதும். தப்பான கேள்விகளை மட்டும் குறித்து வைத்து மறுநாள் திரும்பப் பாருங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்து போகிற பலகைக்குப் பொருள் சொல்லிப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

தேர்வன்று அசல் சான்றுகளும் விண்ணப்ப அச்சுப்பிரதியும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே நேரம் ஓடும். அதற்காக முதல் விடையைப் பார்த்ததும் தொட்டுவிடாதீர்கள், எல்லா விடைகளையும் படியுங்கள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறினால் மறுபடி 50 ரூபாய் கட்டி எழுதலாம்.

பின்சேர்க்கை: தேர்ச்சி பெற்ற அன்றே தனியாக வண்டி ஓட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுப்பவராகக் கூட இருக்க வேண்டும். பைக்கில் அவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' பலகை வேண்டும். பலகை குறைந்தது 18 செ.மீ. சதுரம், எழுத்து 10 செ.மீ. உயரம். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழிந்ததும் எட்டுப் போடுவதற்கு, அதாவது லைசென்ஸுக்காக வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு, ஸ்லாட் எடுக்கலாம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்; ஸ்லாட் கிடைக்காமல் போனால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.