காடர் குடிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆனைமலையின் மழைக்காட்டுக்குள், காடர் என்ற பழங்குடி மக்கள் வாழும் குடியிருப்புகளுக்கு, அதாவது குடிகளுக்கு, வெளியாட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ப்ராஜெக்ட்டுக்கு வரும் மாணவர்கள், மருத்துவ முகாம் நடத்துபவர்கள், வீடியோ எடுப்பவர்கள் என்று பலர். பெரும்பாலானவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனாலும் ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பத்து வருஷமாக அங்கே போய் வருகிறேன், அவற்றில் சிலவற்றை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, போகும் முன்பே மனதில் பதிந்துவிடுகிற ஒரு படம். யார் காலும் படாத காடு, அதற்குள் உலகம் தெரியாமல் வாழும் மக்கள். உண்மை வேறு. ஆங்கிலேயர் காலத்திலேயே இந்த மலையில் தேக்கு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டிய மரத்தை மேலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர். பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுபோக, 1900-களின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் காட்டுக்குள் டிராம் பாதையே போட்டது. வால்பாறையில் காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். அப்புறம் அணைகள் வந்தன: பெரிங்கல்குத்து, சோலையாறு, பரம்பிக்குளம். ஒவ்வொரு முறையும் காடர்கள் இடம் மாற வேண்டியிருந்தது. இன்று ஒரு குடி எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குப் பின்னால் இந்தக் கதையெல்லாம் இருக்கிறது.

இது தெரியாமல்தான், "ஏன் இவ்வளவு உள்ளே கஷ்டப்படுகிறீர்கள், கீழே வந்துவிடலாமே?" என்று கேட்டுவிடுகிறோம். முதல் தடவை போனபோது நானும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "கீழே எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கல்லார்குடி என்ற காடர் குடியில் 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்தபோது அங்கிருந்த குடும்பங்கள் கேட்டது டவுனில் ஒரு வீடு அல்ல. பக்கத்திலேயே, தங்களுக்குத் தெரிந்த காட்டிலேயே, தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். அதற்காகப் போராடி 2021-ல் பட்டா வாங்கினார்கள். எங்கே வாழ வேண்டும் என்பதில் அவர்களுக்கு எவ்வளவு தெளிவு இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

இரண்டாவது, பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடுவது. காடர்கள் முன்பல்லைக் கூராகச் செதுக்கிக்கொள்வார்கள், மணப்பெண்ணுக்காக ஆண் மூங்கில் சீப்பு செதுக்கித் தருவான் என்றெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய குறிப்புகள் சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் போய் "பல்லைக் காட்டுங்க" என்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டியிடம் யாராவது வந்து அப்படிக் கேட்டால் சும்மா இருப்போமா? அந்த வீட்டுப் பேத்தி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், பேரன் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். அவர்களும் காடர்கள்தான்.

எல்லோரையும் 'மலைவாசி' என்று ஒரே பெயரில் அடைப்பதும் இதே ரகம். ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர் என ஆறு பழங்குடிகள் இருக்கிறார்கள். முதுவர்கள் விவசாயம் செய்பவர்கள். மலசர்கள் பலர் யானைப் பாகன்கள். காடர்கள் காட்டில் கிழங்கும் தேனும் குங்கிலியமும் எடுத்து வாழ்ந்தவர்கள். பேச்சும் வேறு, சடங்கும் வேறு.

அடுத்தது, அவர்கள் செய்யும் வேலையைச் சரியாகப் பார்க்காமல் விடுவது. காட்டில் ஏதோ கிடைக்கிறது, எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருநாள் காலை ஓர் அம்மாவோடு கிழங்கு தோண்டப் போனேன். கொடியைப் பார்த்தார், தண்டை இரண்டு விரலால் அழுத்தினார், "இது இன்னும் ஆகல" என்று நகர்ந்துவிட்டார். இப்படி நாலு கொடி தள்ளி ஒன்றைத் தோண்ட ஆரம்பித்தார். பாறை இடுக்கில் ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது கிழங்கு. ஒரு மணி நேரம் ஆயிற்று. எடுத்ததும் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மட்டும் வெட்டித் திரும்பக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் அமுக்கினார். நான் கேட்காமலே, "அடுத்த வருஷம் வரணுமில்ல" என்றார். தேனும் அப்படித்தான். மூங்கில் ஆப்புகளை மரத்தில் அடித்துக்கொண்டே ஏறி, பெரும்பாலும் இருட்டில், மலைத்தேனீயின் கூட்டை நெருங்க வேண்டும். இதைச் சாகசமாகப் படம் பிடிப்பவர்கள், அந்தத் தேன் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் கேட்கச் சொல்வது அதைத்தான்.

அனுமதி விஷயத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. இது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படி குற்றம், அது சரி. ஆனால் அந்தக் கடிதம் கையில் இருக்கிறது என்பதற்காக யார் வீட்டு வாசலிலும் கேமராவை நீட்டலாம் என்று ஆகிவிடாது. குடிக்குத் தலைவராக ஒரு மூப்பன் இருப்பார். முதலில் அவரைப் பார்த்து, எதற்கு வந்தோம், எத்தனை நாள், எடுக்கும் படம் எங்கே போகும் என்று சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றால் காத்திருங்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குப் பெரிய இடம் தந்திருக்கிறது. கேரளப் பக்கம் வாழச்சாலில் ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகள் 2014-ல் சமூக வன வள உரிமையே, அதாவது தங்கள் காட்டைத் தாங்களே காத்து நிர்வகிக்கும் உரிமையே, பெற்றிருக்கின்றன. விருந்தாளி என்ற நினைப்போடு போனால் பாதித் தவறு நடக்காது.

படம் போடும்போது இடத்தைச் சொல்லிவிடுவது இன்னொரு ஆபத்து. இருவாச்சிப் பறவை கூடு வைக்கும்போது பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவைதான் பழம் ஊட்டும். கூட்டம் கூடி ஆண் வரப் பயந்தால் உள்ளே இருப்பவை பட்டினி. ஒரு காலத்தில் அந்தக் குஞ்சுகளை எடுத்துச் சாப்பிட்ட காடர்கள், இன்று வாழச்சாலில் கூடு கூடாகப் போய்க் கண்காணித்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் நம்பிக் காட்டும் மரத்தை லொகேஷனோடு இணையத்தில் போடாதீர்கள். தேன் மரத்துக்கும் இதுவேதான்.

பழைய துணி மூட்டை கொண்டுபோகாதீர்கள். கிழிந்த சேலையும் ஜிப் போன பேண்ட்டும் மழையில் நனைந்து மக்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மிட்டாய் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். சாராய பாட்டில் கொடுத்துக் கதை கேட்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஏதாவது செய்ய வேண்டும் என்றால் என்ன தேவை என்று கேளுங்கள். ஒரு குடியில் கேட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வாடகைதான் பெரிய பாரம் என்றார்கள். இன்னொரு இடத்தில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் கூடப் போனாலே அது பெரிய உதவி.

ஜூன், ஜூலை மழையில் போகாதீர்கள். அட்டை கடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. பாதை அடைபட்டால் நீங்கள் சாப்பிடுவது அவர்களுடைய ரேஷன் அரிசி. தேன் காலத்தில் போனால் ஆண்கள் பலர் காட்டில் இருப்பார்கள், குடியில் ஆளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் நிறையப் பேர். இரண்டாவது முறை நான் படங்களோடு போனபோது அந்தக் கிழங்கு அம்மா தன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால், மழைச்சாரல் படாத இடத்தில் செருகி வைத்தார்.